மனு திரும்பிப் போகும் இடம்: நெல்லைச் சீமையில் காவல் சீர்திருத்தம்

திங்கட்கிழமை காலையில் கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பட்டா மனுவோ முதியோர் உதவித்தொகை மனுவோதான். அவற்றுக்கு நடுவே இன்னொரு வகை மனு உண்டு. "ஸ்டேஷன்ல போய்ச் சொன்னோம், எடுக்க மாட்டேங்காக" என்று சொல்லிக் கொடுக்கப்படும் மனு. அதற்கு ஒரு சீல் விழும், எண் விழும். எஸ்.பி. அலுவலகம் போகும், அங்கிருந்து டி.எஸ்.பி.க்கு இறங்கும், கடைசியில் எந்த ஸ்டேஷனைப் பற்றிக் குறை சொன்னார்களோ அதே ஸ்டேஷனுக்கு வந்து சேரும். சில நாளில் மனுதாரருக்குப் போன் வரும். "என்ன, கலெக்டர்ட்ட மனு குடுத்தியாமே? ஸ்டேஷனுக்கு வா, பேசிக்கிடுவோம்." புதன்கிழமை எஸ்.பி. அலுவலகத்துக் குறைதீர் முகாமில் கொடுத்தாலும், முதல்வர் தனிப்பிரிவுக்குத் தபாலில் போட்டாலும் வழி இதுதான்.

காவல்துறையைச் சீர்திருத்துவது பற்றிப் பேசும்போது பயிற்சி, மனநல ஆலோசனை, புதிய வண்டிகள், கேமரா, ஆள் எண்ணிக்கை என்று பட்டியல் நீளும். எல்லாமே தேவைதான். ஆனால் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தை அடுக்கிப் பார்க்கிறவருக்கு ஒன்று முந்திக்கொண்டு தெரியும். போலீஸ்மீது வரும் புகாரைப் போலீசும் அதன் மேலதிகாரிகளுமே கேட்கும்வரை மற்ற எந்த மாற்றமும் ஸ்டேஷன் வாசலைத் தாண்டி உள்ளே போகாது.

2017 அக்டோபர் 23-ஐ இந்த ஊர் மறக்கவில்லை. கடையநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு கூலித்தொழிலாளி, மனைவி, இரண்டு சிறு பெண் குழந்தைகள் என நான்கு பேரும் கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீயில் கருகி, பிறகு மருத்துவமனையில் இறந்தார்கள். பலமுறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தது, மனுவும் இருந்தது. மனு போய்ச் சேர்ந்த இடத்தைக் கேள்வி கேட்கத்தான் ஆள் இல்லை. அதன் பிறகு உடனடியாகக் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம், வாசலில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று மனுதாரர்களின் பைகளைச் சோதிக்கப் போலீசார் நின்றதுதான். அந்தச் சாவைக் குறித்து நிர்வாகத்தைச் சாடிக் கேலிச்சித்திரம் வரைந்த ஒருவர், கலெக்டர் தரப்புப் புகாரின்பேரில் அடுத்த மாதமே கைதானார். மறுநாள் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. மாவட்ட நிர்வாகம் போலீசுக்கு வெளியே நிற்கும் நடுநிலையான காது என்று நம்புகிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு வயது அதிகம். பாளையக்காரர் காலத்தில் நெல்லைச் சீமையில் காவல் இரண்டு அடுக்காக இருந்தது. பாளையக்காரர் கையில் தேசகாவல், ஊர் அளவில் ஸ்தலகாவல். அறுவடையில் காவலுக்கென்று நெல் அளந்து கொடுப்பார்கள். மாடு திருட்டுப் போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிடப் பொறுப்பான ஏற்பாடு இல்லை. நடைமுறையில், காவல்கூலி கொடுக்காத வீட்டில்தான் திருட்டு நடக்கும் என்ற பயம் கிளம்பியது. காணாமல் போன மாட்டைக் காட்டித் தரத் துப்புக்கூலி என்று தனியாக வாங்கும் வழக்கமும் வளர்ந்தது. 1799 முதல் 1801 வரை நடந்த போர்களுக்குப் பிறகு கம்பெனி பாளையக்காரர்களை அடக்கித் தேசகாவலைப் பறித்தது. 1816-ஆம் ஆண்டு ஒழுங்குவிதி போலீஸ் அதிகாரத்தைத் தாசில்தார்களிடமும் கலெக்டரிடமும் சேர்த்தது. வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆள். அவர்மீது புகார் சொல்லப் போனால் கேட்பவர் அவருக்கு மேலே இருக்கும் அதே துறைக்காரர்.

விளைவு, சென்னை மாகாணம் முழுக்கச் சித்திரவதை. லண்டன் நாடாளுமன்றம்வரை பேச்சு போனதால் 1854-இல் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டு 1855-இல் அறிக்கை வந்தது. அதில் கை காலை இடுக்கி நசுக்கும் கிட்டி உண்டு. குனிய வைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைக்கும் அண்ணாந்தாள் உண்டு. ஆயிரக்கணக்கில் மனுக்கள் போயின. சித்திரவதை நடந்தது உண்மை என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவர் தூரமும் செலவும் கடந்து நீதி தேடிப் போவது எவ்வளவு கடினம் என்பதையும் எழுதியது. வரி வசூலையும் போலீசையும் பிரிக்கச் சொன்னது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1859-ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். சீருடையோடு நாம் இன்று பார்க்கும் போலீசின் தொடக்கம் அங்கே இருக்கிறது. ஆக, இந்தத் துறை பிறந்ததே ஒரு சீர்திருத்தமாகத்தான்.

ஆனால் அந்தப் பிரிவினை பாதியிலேயே நின்றுவிட்டது. மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் கலெக்டருக்குப் போலீஸ்மீது பிடி தொடர்ந்தது. புதிய போலீசின் முதல் கடமை மக்களுக்கு என்றில்லாமல் ஆட்சிக்கு என்று ஆனது. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகமும் போலீஸ் ஸ்டேஷனும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு ஊரை அடக்க நிறுத்திய கூடுதல் போலீசின் செலவை ஊர்க்காரர்களிடமே தண்டவரியாக வசூலித்தார்கள். 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த மாகாணத்துக்கும் விரிந்தபோது, நேற்றுவரை காவல் செய்த சாதிகளே பிறப்பால் குற்றவாளிகளாக ரேகை வைக்க வேண்டிய நிலை வந்தது. சுதந்திரம் வந்த ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகான பட்டியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995 ஆகஸ்ட் 31 கொடியன்குளம், தலித் கிராமத்துக்குள் போலீஸ் நுழைந்து வீடுகளைச் சூறையாடியது. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தின்மீது தடியடி, தாமிரபரணியில் 17 உயிர்கள். 2018 மே 22 தூத்துக்குடி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்மீது துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. ஒவ்வொன்றுக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம்: கோமதிநாயகம், மோகன், அருணா ஜெகதீசன். விசாரணை ஆணையச் சட்டப்படி இவற்றின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. தூத்துக்குடி ஆணையம் 17 போலீசார்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-இல் விரிவான அறிக்கை கொடுத்தது. அதற்கே நான்கு ஆண்டுகள் ஆயின.

இந்த வரிசையில் சாத்தான்குளம் மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஏன் என்பதில்தான் பாடம் இருக்கிறது.

2020 ஜூன் 19, ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் உடற்தகுதிச் சான்று வாங்கி, ரிமாண்ட் பெற்று, சுமார் 100 கிலோமீட்டர் தள்ளிக் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைத்தார்கள். 22 இரவு மகன் இறந்தார், 23 அதிகாலை தந்தை இறந்தார். இந்த வழியில் டாக்டர், மாஜிஸ்திரேட், சிறை அதிகாரி என்று போலீஸ் அல்லாத மூன்று பேர் அவர்களைப் பார்த்திருக்க வேண்டும். தடுப்பதற்காகவே சட்டம் வைத்த மூன்று கதவுகள் அவை. மூன்றும் திறந்தே கிடந்தன. டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கைது நடைமுறைக்கு வகுத்த விதிகள் எந்த ஸ்டேஷனிலும் பலகையில் எழுதித் தொங்கும். பலகை யாரையும் காப்பாற்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை மாஜிஸ்திரேட் பாரதிதாசன் நேரில் ஸ்டேஷனுக்கே போனார். அங்கே அவரை அவமதித்தார்கள். கேமராப் பதிவு அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் அறிக்கையில் எழுதினார். ஒரு பெண் ஏட்டு பயந்துகொண்டே, ஆனாலும் பின்வாங்காமல், அன்றிரவு பார்த்ததைச் சொன்னார். ஜூன் 29 அன்று உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் எடுக்க உத்தரவிட்டது. அடுத்த சில நாட்களில் கைதுகள் தொடங்கின. பிறகு வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று.

போலீஸ் அல்லாத ஒருவர் சட்ட அதிகாரத்தோடு உள்ளே நுழைந்ததால்தான் உண்மை வெளியே வந்தது. அந்த அதிகாரமும் வானத்திலிருந்து விழவில்லை. முன்பெல்லாம் காவலில் மரணம் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணைதான். 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, காவலில் மரணம், காணாமல் போதல், பாலியல் வன்முறை ஆகியவற்றை நீதித்துறை மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னத் திருத்தம். பதினைந்து ஆண்டு கழித்துச் சாத்தான்குளத்தில் அது வேலை செய்தது. 2024 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது.

ஆனால் ஆள் செத்தாலோ, காணாமல் போனாலோ, பாலியல் வன்முறை நடந்தாலோதான் அந்தக் கதவு திறக்கும். அடிபட்டு உயிரோடு திரும்பியவருக்கு? 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில் விசாரணைக்கு அழைத்த இளைஞர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் இளம் ஐ.பி.எஸ். அதிகாரிமீது புகார் எழுந்தது. முதலில் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் விசாரித்தார். பிறகு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ. அமுதா வந்தார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குற்றச்சாட்டு நிற்குமா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் பார்ப்பது பாதையை. ஊடகம் கிளப்பி, ஊர் பேசி, மாநிலம் அதிர்ந்த பிறகுதான் அந்த விசாரணை நகர்ந்தது. செய்தியாகாத புகாருக்கு அந்தப் பாதை கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டோடு போட்டோ வருவதைத் தமிழ்நாடே வாடிக்கையாகப் பார்த்துப் பழகிவிட்டது. அந்தக் கைகளில் ஒன்றையாவது யாராவது விசாரிக்க வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லி நெடுநாள் ஆகிறது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று ஏழு கட்டளைகள் பிறந்தன. டி.ஜி.பி.க்கும் ஸ்டேஷன் பொறுப்பாளருக்கும் இரண்டு ஆண்டு நிலையான பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது போன்றவை அதில் உண்டு. ஆறாவது கட்டளை, மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் காவல்துறை புகார் ஆணையம். மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி அதற்குத் தலைவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு 2013-இல் காவல்துறை சீர்திருத்தச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். சீர்திருத்தம் என்ற பெயரில், 1855-இல் தவறு என்று கண்டுபிடித்த அதே அமைப்பைச் சட்டமாக்கிவிட்டார்கள். இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் போடப்பட்டன.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஏற்பாடு. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். அங்கே 2011 போலீஸ் சட்டப்படி மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியும் மாவட்டத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைவர்கள். அங்கேயும் அடி விழுகிறது, அங்கேயும் ஆணையத்தின் பரிந்துரைகள் தூங்குகின்றன. ஆனாலும் ஆரியங்காவில் அடிபட்டவர் தன் புகாரைச் சொல்ல, எஸ்.பி.யைத் தவிர இன்னொரு முகவரி இருக்கிறது. செங்கோட்டைக்காரருக்கு உள்ள வெளி முகவரி சென்னையில் இருக்கும் மாநில மனித உரிமை ஆணையம், 600 கிலோமீட்டருக்கு அப்பால். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது பெரிய முன்னேற்றம். தூரம் மட்டும் 1855-இல் இருந்த மாதிரியே இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். டீக்கடையில் நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் சொல்வார்கள்: "அடிச்சாத்தாம்ல அடங்குவானுவ." இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இந்தச் சீமையில் பழிக்குப்பழிக் கொலைகள் நிஜம், பயமும் நிஜம். 2024 டிசம்பரில் பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். தப்பிய கும்பலில் ஒருவனை விரட்டிப் பிடித்ததும் ஒரு சிறப்பு எஸ்.ஐ.தான். 2025 மார்ச்சில் திருநெல்வேலி டவுனில், தன் உயிருக்கு ஆபத்து என்று வீடியோ போட்டுச் சொன்ன ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர் தொழுகை முடித்துத் திரும்பும்போது கொல்லப்பட்டார். ஓர் உதவி ஆணையரும் ஓர் இன்ஸ்பெக்டரும் சஸ்பெண்ட் ஆனார்கள். காக்கிச் சட்டை போட்டு ஓய்வுபெற்றவரின் புகாருக்கே அந்தக் கதி.

ஆகவே மக்கள் கேட்பது குறைவான போலீசை அல்ல, வேண்டிய நேரத்தில் வருகிற போலீசை. லத்தி ஓங்குவதும் புகாரை எடுக்காமல் விடுவதும் எதிரெதிரானவை போலத் தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: செய்தாலும் செய்யாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. எஃப்.ஐ.ஆர். போட வேண்டிய புகாருக்கு, மனு வந்தது என்று மட்டும் சொல்லும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கவே மூன்று நடை நடக்க வேண்டியிருக்கிறது என்றால், அதுவும் புகார் ஆணையத்தின் வேலைதான்.

ஸ்டேஷனில் வைத்துப் பேசி முடிப்பதை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். வரப்புத் தகராறில் கொலை விழுகிற ஊர் இது. நீதிமன்றத்தில் சிவில் வழக்கு பத்து ஆண்டு இழுக்கும். நல்ல எஸ்.ஐ. ஒருவர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசியதால் விழாமல் போன வெட்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் எழுத்தில் பதியாத சமரசத்தில் எப்போதும் பலமுள்ளவர் சொல்தான் நிற்கும். பணம் கொடுக்கல் வாங்கல், காதல் திருமணம், பொதுப்பாதை, எதுவானாலும் என்ன பேசினார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்பது ஸ்டேஷனின் அன்றாடப் பதிவேடான ஜெனரல் டைரியில் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அது கட்டப்பஞ்சாயத்து.

போலீசையும் பொதுமக்களையும் நெருக்கமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற யோசனை அடிக்கடி வருகிறது. கேரளத்தின் ஜனமைத்ரி திட்டம் 2008-இல் தொடங்கியது. பீட் போலீசார் வீடு வீடாகப் போய் அறிமுகம் செய்துகொள்வார்கள். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1993-இல், ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் போலீஸ் நண்பர்கள் குழுவைத் தொடங்கினார். சாத்தான்குளச் சம்பவத்தில் அந்தக் குழுவினர் பெயரும் அடிபட்டதால் 2020 ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது.

நெல்லைச் சீமையில் இந்த யோசனையைக் கூடுதல் கவனத்தோடு அணுக வேண்டும். ஊரோடு சேர்ந்து காவல் என்றால் எந்தத் தெருவோடு சேர்ந்து? பழைய ஸ்தலகாவல் எந்தச் சாதியின் கையில் இருந்தது என்பதை இந்த மண் மறக்கவில்லை. விழிப்புக் குழுவுக்கு ஊர்ப் பெரியவர்களை அழைத்தால் வருகிறவர்கள் யார், காலனியிலிருந்து எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று முதலில் கேட்க வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் கூடப் படித்த பையன்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறம் பற்றி நீதிபதி சந்துரு குழு அறிக்கை எழுத வேண்டிய அளவுக்குப் பள்ளிக்கூடம்வரை சாதி இறங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் நடந்த சாதி ஆணவக் கொலையில், குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவருமே போலீஸ் எஸ்.ஐ.க்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சீருடை போட்டதும் சாதி கழன்றுவிடாது. அதனால்தான் நெருக்கத்துக்கு முன்னால் கண்காணிப்பு வேண்டும் என்கிறேன்.

ஸ்டேஷனுக்கு உள்ளே இருப்பவர்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆனித் தேரோட்டம், ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்தையனார் கோயில், ஆகஸ்ட் 20 ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பர் 1 பூலித்தேவன் பிறந்தநாள், செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், குலசை தசரா, அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, திருச்செந்தூர் சூரசம்ஹாரம். இவற்றுக்கு நடுவே ஊருக்கு ஊர் கோயில் கொடை, தலைவர்கள் வருகை. நெல்லைச் சரகப் போலீஸ்காரரின் ஆண்டு இப்படிப் பந்தோபஸ்திலேயே ஓடுகிறது. கொலை வழக்கின் புலனாய்வு அதிகாரியே ஊர்வலத்துக்குக் கயிறு பிடிக்கப் போனால் குற்றப்பத்திரிகை எப்போது எழுதுவார்? வாக்குமூலத்தை அடித்து வாங்கும் ஆசைக்கு இந்த நேரமின்மையும் ஒரு காரணம். புலனாய்வைப் பிரிக்கச் சொன்ன கட்டளை இங்கேதான் உயிர் பெறும். 2021-இல் அறிவித்த வார விடுமுறை எத்தனை ஸ்டேஷன்களில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பதை அந்த வீட்டுப் பெண்கள் சொல்லக் கேட்க வேண்டும். போலீசாருக்குச் சங்கம் வைக்கும் உரிமையை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மேலதிகாரி கொடுமைப்படுத்தினால் காவலருக்கும் வெளியே சொல்ல இடமில்லை. புகார் ஆணையம் என்று ஒன்று உண்மையிலேயே வந்தால் அதன் கதவை முதலில் தட்டுகிறவர்கள் காவலர்களாகவும் இருக்கலாம்.

கேமரா விஷயமும் இங்கே வந்துதான் முட்டுகிறது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வைத்துப் பதிவை 18 மாதம் பாதுகாக்கச் சொன்னது. அதை மேற்பார்க்கும் மாவட்டக் குழுவிலும் கலெக்டரும் எஸ்.பி.யும் இருக்கிறார்கள். பதிவைக் கேட்டு அடிபட்டவர் எழுதும் மனு யார் மேசைக்குப் போகும் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது 2013 சட்டத்தில் புகார் ஆணையத்தைப் பற்றிய பிரிவுகளைத் திருத்துவது. கலெக்டர் இருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, எஸ்.பி. இருக்கும் இடத்தில் போலீஸ் அல்லாத உறுப்பினர்கள், அவர்களில் ஒரு பெண், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர். புகார் வந்த அன்றே ஸ்டேஷனின் கேமராப் பதிவையும் ஜெனரல் டைரியையும் மருத்துவப் பதிவேட்டையும் கைப்பற்றும் அதிகாரம். பொய்ப் புகார் வரும் என்பார்கள், வரத்தான் செய்யும். பொய்யைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்தானே நீதிபதி. கலெக்டர் அலுவலகத்துக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் அப்பால், பாளையங்கோட்டை பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வாடகைக் கட்டடம் போதும். 2022-இல் நீதிபதி சி.டி. செல்வம் தலைமையில் காவல் ஆணையம் அமைத்த அரசுக்கும், அடுத்து வரும் எந்த அரசுக்கும், இதற்காகப் பெரிய நிதி தேட வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சட்டத் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் வைத்தால் ஒரே கூட்டத்தொடரில் முடிகிற வேலை.

அம்பாசமுத்திரத்திலும் சங்கரன்கோவிலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலையும் தண்ணீரும் கேட்கிறோம். அந்த மசோதாவுக்குக் கை தூக்குவீர்களா என்பதையும் பெயர் சொல்லி, சட்டத்தின் ஆண்டைச் சொல்லிக் கேட்கலாம்.